சுவரில் இருக்கும் சுவிட்சைப் பறிக்காதீர்கள்

என் அம்மாவுக்கு 72 வயது. ராத்திரி எழுந்தால் அவர் கை தானாகவே கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் சுவிட்சுக்குப் போகும். அவர் அறையில் ஸ்மார்ட் பல்பு மாட்டிய புதிதில் தினமும் அந்தச் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் படுப்பார். பல்புக்கு மின்சாரமே போகாதபோது போனில் எத்தனை முறை தட்டினாலும் எரியாது. "சுவிட்சைத் தொடாதீங்கம்மா" என்று மேலே டேப் ஒட்டினேன். மறுநாள் ராத்திரி அவர் இருட்டிலேயே தடவித் தடவி பாத்ரூமுக்குப் போனார்.

ஐம்பது வருடப் பழக்கத்தை மாற்றிக்கொள்ளச் சொல்கிற கருவி வீட்டுக்கு ஆகாது. வடிவமைப்பவர்கள் செய்யும் பெரிய தவறு இதுதான். சுவிட்ச் பெட்டிக்குள் மாட்டும் சிறிய ரிலே கிடைக்கிறது; போனிலிருந்து வரும் கட்டளைப்படி விளக்குக்கு மின்சாரத்தை விடவும் நிறுத்தவும் செய்யும் கருவி அது. பழைய சுவிட்சும் வேலை செய்யும், போனும் வேலை செய்யும். பெரும்பாலான ரிலேக்களுக்கு நியூட்ரல் வயர், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் வயர், தேவை. பெட்டிக்குள் அது வந்திருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது கரண்ட் கட். ராத்திரி 2 மணிக்குப் போன கரண்ட் 3 மணிக்கு வந்ததும், அணைத்து வைத்த பல்புகள் எல்லாம் முழு வெளிச்சத்தில் எரிந்தால் குழந்தை எழுந்து அழாதா? பல பல்புகள் கடையிலிருந்து அப்படித்தான் வருகின்றன. கரண்ட் வந்ததும் 'முன்பு இருந்த நிலை'க்கே திரும்பும்படி ஆப்பில் எங்கோ தேடி மாற்ற வேண்டியிருக்கிறது. நம் ஊருக்கு விற்கும் பல்பில் முதலிலேயே அப்படி வைத்துத் தர வேண்டாமா?

இன்டர்நெட் போனால் விளக்கும் போகக் கூடாது. கட்டளை எங்கோ இருக்கும் சர்வருக்குப் போய்த் திரும்புகிற கருவிகளில் அதுதான் நடக்கிறது. வெவ்வேறு கம்பெனி ஸ்மார்ட் கருவிகளுக்குப் பொதுவாக 2022-இல் வந்த மேட்டர் (Matter) தரத்தில் கருவிகள் வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே பேசிக்கொள்ளும். வாங்கும்போது பெட்டியில் அந்தக் குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

கீஸருக்கு 10 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக் வேண்டவே வேண்டாம். 3,000 வாட் கீஸர் 13 ஆம்பியர் இழுக்கும், பிளக் சூடாகி உருகிவிடலாம். 16 ஆம்பியர்தான் சரி.

அப்புறம், ஒரே ஒருவர் போனில் மட்டும் ஆப்பை வைக்காதீர்கள். அவர் வெளியூர் போனால் வீட்டில் மற்றவர்கள் என்ன செய்வார்கள்?

எல்லாம் மாட்டி முடித்ததும் வைஃபையை அணைத்துவிட்டு, வேலைக்கு வரும் அக்காவிடம் "ஃபேன் போடுங்கக்கா" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். அவர் உங்களைத் திரும்பிப் பார்த்து "எதுல?" என்று கேட்டால், இன்னும் வேலை பாக்கி இருக்கிறது.