சத்திரசிகிச்சைக்கு முன் ஒரு நிமிட வீடியோ
நாய்க்குச் சத்திரசிகிச்சை என்றால், அதற்கு முதல் நாளே அது எழும்புவது, நடப்பது, படுப்பது எல்லாவற்றையும் ஃபோனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்து வையுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு இன்னொன்று. வலித்தாலும் நாய் பெரும்பாலும் கத்தாது. முதுகை வளைத்து நிற்கும், படுக்கப் போய்ப் பாதியில் நிறுத்தும், தையலைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும். பழைய வீடியோவோடு பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். இரண்டையும் மிருக வைத்தியருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால், வெள்ளவத்தை நெரிசலில் ஓட்டோ பிடித்து அலைவது பல நேரம் மிச்சம். (கிளினிக்கில் பயத்தில் வலியைக் காட்டாத நாய்களும் உண்டு.)

மயக்கம் முழுதாகத் தெளியும்வரை இது சரிவராது. தள்ளாட்டமும் முனகலும் மருந்தாலும் வரும். கொழும்பு வெக்கையில் மூச்சிரைப்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். ஈறு வெளிறினாலோ தையல் பிரிந்தாலோ வீடியோவெல்லாம் வேண்டாம், உடனே தூக்கிக்கொண்டு போங்கள். நீங்களாகப் பனடோல் கொடுக்கவே கூடாது.