சூரியன் இல்லாத மூன்று நாள்: படைப்பு வசனங்களை வாசிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிறு பள்ளியில் ஆறு நாள் படைப்பைச் சார்ட் பேப்பரில் ஒட்டிக்கொண்டிருந்தோம். மஞ்சள் காகிதத்தில் வெட்டிய சூரியன் நாலாம் நாள் கட்டத்துக்குப் போனதும், "அக்கா, சூரியனே இல்லாம முதல் மூணு நாளும் எப்படி நாளாச்சு?" என்று கேட்டேன். "அதிகப்பிரசங்கித்தனம் பண்ணாதே" என்று பதில் வந்தது. பசை காய்ந்தது, கேள்வியும் அத்தோடு நின்றது.

அலெக்சாந்திரியாவில் பிறந்த இறையியலாளர் ஓரிகன் மூன்றாம் நூற்றாண்டிலேயே இதைக் கேட்டுவிட்டார் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. சூரியனும் சந்திரனும் இல்லாமல் காலையும் மாலையும் வந்ததாகப் புத்தியுள்ளவர் யாராவது நினைப்பாரா என்று எழுதியிருக்கிறார். அவருக்குப் பின் வந்த அகஸ்தீனும் வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமத்துக்கு விளக்கம் எழுதும்போது, இந்த நாட்கள் நம் நாட்களைப் போன்றவை அல்ல என்றே முடிவுக்கு வந்தார். வானத்தையும் பூமியையும் பற்றித் தெரியாததை வேதத்தின் பெயரால் உளறி, வெளியே உள்ளவர்கள் சிரிக்கும்படி செய்யாதீர்கள் என்று விசுவாசிகளை எச்சரித்தவரும் அவர்தான். ஆறு நாளை நேரடியாக எடுத்துக்கொண்ட பெரியவர்களும் உண்டு. நாலாம் நூற்றாண்டு ஆயர் பசீலியு, சீர்திருத்தவாதி லூதர் இருவரும் அந்தப் பக்கம். ஆனால் 'நாள் கணக்குதான் ஆதி விசுவாசம், மற்றதெல்லாம் டார்வினுக்குப் பயந்து வந்த சமாளிப்பு' என்று மேடையில் சொல்வது வரலாற்றுப்படி தவறு. உலகம் படைக்கப்பட்டது கி.மு. 4004-இல் என்ற பிரபலமான கணக்கை அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் வெளியிட்டது 1650-இல். பிறகு அது ஆங்கில வேதாகமங்களின் ஓரத்தில் அச்சாகி, வசனத்தோடு வசனமாக ஒட்டிக்கொண்டது.

இந்த நாள் சண்டையில் ஆதியாகமம் முதல் அதிகாரத்தின் அழகே கண்ணில் படாமல் போகிறது. முதல் மூன்று நாளில் இடம் தயாராகிறது, அடுத்த மூன்று நாளில் அந்த இடம் நிரம்புகிறது. முதல் நாள் வெளிச்சம், நாலாம் நாள் சுடர்கள். இரண்டாம் நாள் வானமும் நீரும், ஐந்தாம் நாள் பறவையும் மீனும். மூன்றாம் நாள் தரை, ஆறாம் நாள் மிருகமும் மனிதனும். சுற்றியிருந்த எகிப்தும் பாபிலோனும் சூரியனைக் கும்பிட்ட காலத்தில், அதைப் பெயர் சொல்லிக்கூட அழைக்காமல் 'பெரிய சுடர்' என்று விளக்குபோல மாட்டிவைக்கிறது இந்த அதிகாரம். என் அதிகப்பிரசங்கித்தனத்துக்கு விடை அங்கேதான் இருந்தது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. பெருவெடிப்பைக் காட்டி, 'பார்த்தீர்களா, வேதம் சொன்னதை விஞ்ஞானமே ஒத்துக்கொண்டது' என்பது. பிரபஞ்சம் ஓர் ஆதி அணுவிலிருந்து விரிந்தது என்று முன்வைத்த ஜார்ஜ் லமேத்ர் ஒரு கத்தோலிக்கக் குரு. 1951-இல் போப் பன்னிரண்டாம் பத்திநாதர் ஏறக்குறைய இந்தத் தொனியில் பேசியபோது லமேத்ரே சங்கடப்பட்டார். விசுவாசத்தை ஒரு கோட்பாட்டில் கட்டிவைத்தால், நாளைக்குக் கோட்பாடு மாறும்போது என்ன செய்வது?

அதைவிட ஆழமான காரணம் ஒன்று. படைத்தல் என்பது என்றைக்கோ நடந்து முடிந்த வேலை அல்ல. இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் சொன்ன உவமை: சூரியன் இருக்கும்வரைதான் காற்றில் வெளிச்சம், அது விலகினால் அந்தக் கணமே இருட்டு. உலகம் கடவுளைச் சார்ந்திருப்பது அப்படித்தான். நம் ஆலயங்களில் சாட்சி நேரத்தைக் கவனியுங்கள். விபத்தில் தப்பியது, கட்டி கரைந்தது, விசா கிடைத்தது. இன்றைக்கும் மூச்சு வந்தது என்று யாரும் மைக்கைப் பிடிப்பதில்லை. சாதாரணமானதெல்லாம் தானாக ஓடுகிறது, அசாதாரணத்தில்தான் தேவன் தலையிடுகிறார் என்று நம்மை அறியாமல் நினைத்துக்கொள்கிறோம். 104-ஆம் சங்கீதத்தில் சிங்கக்குட்டி இரைக்குக் கெர்ச்சிப்பதுகூடத் தேவனிடம் கேட்பதுதான்.

அப்புறம், 'உலகம்' என்ற சொல். "தேவன் உலகத்தில் அன்புகூர்ந்தார்" என்கிறது யோவான் 3:16. "உலகத்தில் அன்புகூராதிருங்கள்" என்கிறது யோவானின் முதல் நிருபம். முன்னது தேவன் நேசிக்கும் மக்கள், பின்னது அவரை எதிர்க்கும் ஆசையும் பெருமையும். இரண்டையும் குழப்பி, பாட்டு, சமையல், மல்லிகைப்பூ எல்லாவற்றையும் 'உலகப்பிரகாரமானது' என்ற ஒரே பெட்டியில் போட்டுவிடுகிறோம். பொருளால் ஆன உலகம் கீழான ஒரு தெய்வத்தின் வேலை என்று போதித்த மார்சியோனை இரண்டாம் நூற்றாண்டிலேயே சபை தள்ளிவைத்தது. "காணப்படுகிறதும் காணப்படாததுமான" எல்லாவற்றையும் படைத்தவர் என்று நிசேயா விசுவாசப் பிரமாணத்தில் வாராவாரம் சொல்லிவிட்டு, காணப்படுகிறதை மட்டும் சந்தேகமாகப் பார்ப்பது நியாயமில்லை.

நான் அதிகம் கோபப்படுவது, மனிதர்கள் மற்ற உயிர்களை "ஆளக்கடவர்கள்" என்று முதல் அதிகாரத்தில் வரும் சொல்லுக்கு நடக்கும் அநியாயத்தைப் பார்த்துத்தான். காடழிப்புக்கும் மணல் கொள்ளைக்கும் இதை உரிமம்போலக் காட்டுபவர்கள் இருக்கிறார்கள். இன்றைய சூழல் நெருக்கடிக்கு இந்த வாசிப்பும் வேர் என்று அமெரிக்க வரலாற்றாசிரியர் லின் வைட் 1967-இல் குற்றம் சாட்டினார். முழுக்கத் தள்ளிவிட முடியாது. ஆனால் அடுத்த வசனங்களைப் படியுங்கள். மனிதனுக்கு அங்கே தரப்படும் உணவு செடியும் கனியும்தான்; இறைச்சிக்கு அனுமதி நோவாவுக்குப் பிறகு, ஒன்பதாம் அதிகாரத்தில். ஆளச் சொன்ன இடத்தில் அடித்துச் சாப்பிடவே அனுமதி இல்லை! இரண்டாம் அதிகாரம் இன்னும் தெளிவு: தோட்டத்தை "பண்படுத்தவும் காக்கவும்" மனிதனை வைத்தார். காப்பதற்கு எபிரெயத்தில் ஷாமர். ஆராதனை முடிவில் போதகர் கையை உயர்த்தி "உன்னைக் காக்கக்கடவர்" என்கிறாரே, அதே சொல். நம்மை அவர் எப்படிக் காக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறோமோ, அப்படித்தான் தாமிரபரணியை நாம் காக்கவேண்டும்.

மனிதன் தேவனின் 'சாயல்' என்பதும் அப்படித்தான். எகிப்தில் தெய்வத்தின் சாயல் என்பது அரசனுக்கு உரிய பட்டம்; துட்டன்காமூன் என்ற அரசனின் பெயருக்கே அமூன் தெய்வத்தின் உயிருள்ள சாயல் என்று பொருள். ஆதியாகமம் அந்தப் பட்டத்தை ஆண், பெண் எல்லோருக்கும் கொடுத்துவிட்டது. அதை வாசித்துக்கொண்டே கல்லறைத் தோட்டத்தைச் சாதிச் சுவர் வைத்துப் பிரித்த கதைகள் நம் ஊரில் உண்டு.

கடைசியாக, படைப்பின் உச்சம் மனிதன் என்று நினைப்பது. கதை ஆறாம் நாளோடு முடிவதில்லை. தேவன் பரிசுத்தமாக்கியது ஏழாம் நாளை. யாத்திராகமம் அந்த ஓய்வை வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன், வாசலில் இருக்கும் அந்நியன்வரை நீட்டுகிறது. நமக்கு அந்த நாள் ஞாயிறு. எங்கள் வீட்டில் ஒன்பது மணி ஆராதனைக்குக் கிளம்பும்போது, பிரியாணிக்கு வெங்காயம் உரிக்க ஓர் அக்கா வந்துவிடுவார். ஓய்வுநாளைப் பற்றிய பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு நாங்கள் திரும்பும்போது, அவர் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருப்பார்.