நீச்சல் குளத்துக்கு வழுக்காத ஓடு: தேர்வு முதல் கிரௌட் வரை

எங்கள் வீட்டுக் குளத்தின் படிகளுக்காகச் சிங்கப்பூரின் பாலஸ்டியர் சாலையில் மூன்று கடைகள் ஏறி இறங்கி, உப்புத்தாள் போலக் காலைப் பிடிக்கும் ஓட்டைத் தேடி எடுத்தோம். குளத்தில் நீர் நிரப்பிய முதல் வாரமே, காலையில் நீந்த இறங்கிய என் மாமனார் இரண்டாம் படியில் சறுக்கினார்; கைப்பிடியைப் பற்றிக்கொண்டதால் தப்பினார். மிச்சமிருந்த ஓடு ஒன்றை எடுத்துவந்து படியருகில் வைத்து, இரண்டையும் விரலால் தடவிப் பார்த்தேன். கையிலிருந்த ஓடு சொரசொரவென்று இருந்தது. பதித்திருந்த அதே ஓடு மெழுகு பூசியதுபோல வழவழத்தது. சரியாகத் துடைக்காமல் விட்ட எபாக்ஸி கிரௌட் (ஓடுகளின் இடுக்கை நிரப்பும் கலவை கிரௌட்; பிசினால் ஆனது எபாக்ஸி வகை), ஓட்டின் நுண்ணிய மேடுபள்ளங்களை நிரப்பி உறைந்துபோயிருந்தது. ஓட்டைத் தேர்ந்தெடுப்பதையும் கிரௌட் பூசுவதையும் ஒரே வேலையாகக் கருத வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்கு அந்தக் காலைப்பொழுதே காரணம்.

கடையில் ஓட்டைக் காட்டும்போது பெரும்பாலும் ஆர்10, ஆர்11 என்ற எண்ணைத்தான் முதலில் சொல்வார்கள். அந்த எண், எண்ணெய் தடவிய சரிவுத் தளத்தில் காலணியோடு நடந்து பார்த்து வழங்கப்படுவது. தொழிற்கூடத்துக்கும் சமையற்கூடத்துக்கும் அது பொருந்தும். குளத்துக்கு நீங்கள் கேட்க வேண்டியது, சோப்பு நீர் வழியும் சரிவில் வெறுங்காலோடு நடந்து சோதிக்கும் டின் 51097 என்ற ஜெர்மானியத் தரநிலையின் வகுப்பு (அந்தச் சோதனை இப்போது டின் இஎன் 16165 என்ற தரநிலைக்குள் வந்துவிட்டது). 12 பாகைச் சரிவு வரை சறுக்காமல் நிற்க முடிந்தால் ஏ, 18 பாகை என்றால் பி, 24 பாகை என்றால் சி. குளத்தைச் சுற்றி நடக்கும் தரைக்கு பி போதும். நீருக்குள் இறங்கும் படி, சாய்தளம், சரிந்த விளிம்பு ஆகியவற்றுக்கு சி வேண்டும். சிங்கப்பூரில் பொது நடைபாதைப் பரப்புகளுக்கு எஸ்எஸ் 485 என்ற தரநிலை உண்டு. அதன்படி ஈரத்தில் சோதித்த அறிக்கை விற்பவரிடம் இருந்தால் அதையும் கேட்டு வாங்குங்கள்.

குளம் முழுவதும் சி வகுப்பு ஓட்டையே பதிப்பது நல்லதல்ல. அளவுக்கு மீறிய சொரசொரப்பு குழந்தைகளின் முழங்காலைச் சிராய்க்கும். பாசியும் அழுக்கும் அதில் எளிதில் தங்கும். சுவருக்கும் ஆழமான தரைக்கும் வழவழப்பான மொசைக் ஓடே போதும். படியின் விளிம்பில் மட்டும் அடர் நிறத்தில் ஒரு வரிசை பதித்துவிட்டால், பார்வை மங்கிய முதியவர்களுக்கும் படி எங்கே முடிகிறது என்பது நீருக்குள் தெளிவாகத் தெரியும். படிக்குச் சிறிய ஓடே என் பரிந்துரை. ஓடு சிறியதானால் இணைப்புக் கோடுகள் கூடும், ஒவ்வொரு கோடும் பாதத்துக்குப் பிடிமானம் தரும்.

கடைக்குப் போகும்போது ஒரு தண்ணீர்ப் புட்டியைக் கொண்டுபோங்கள். மாதிரி ஓட்டைத் தரையில் வைத்து நனைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலை முன்னும் பின்னும் தேய்த்துப் பாருங்கள். நீர் உறிஞ்சும் அளவு 0.5 விழுக்காட்டுக்கு மேற்படாத போர்சலின் ஓடாகவோ கண்ணாடி மொசைக்காகவோ இருக்கட்டும். மொசைக் தாளை (சிறு ஓடுகளை வலையில் ஒட்டிய தாள்) திருப்பிப் பார்க்கவும் மறவாதீர்கள்: பின்புற வலையும் பசையும் ஓட்டின் முதுகைப் பெரும்பகுதி மறைத்திருந்தால், ஒட்டுக்கலவை ஓட்டைத் தொடாமல் பசையைத்தான் தொடும், அந்தப் பசை நீரில் கரைந்தால் ஓடு கழன்றுவிடும்.

நீர்க்கசிவுச் சோதனை முடிந்த பிறகே ஓடு பதிக்க வேண்டும். பதித்த ஓட்டை ஒரு நாணயத்தால் தட்டிப் பார்த்து, வெற்றொலி கேட்கும் இடங்களை கிரௌட்டுக்கு முன்பே பெயர்த்துப் பதியுங்கள். இணைப்பு அகலம் 3 மில்லிமீட்டராவது இருக்கட்டும்; இடுக்குகளில் பிதுங்கிய ஒட்டுக்கலவையைச் சுரண்டி, தூசியை உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

சிமெண்ட் கிரௌட் மலிவு, பூசவும் எளிது. ஆனால் அமிலத்தன்மை கூடிய நீரும் கால்சியம் குறைந்த நீரும் அதை மெல்ல அரிக்கும். எபாக்ஸி விலை அதிகம், நீர் புகாது, இரசாயனத்தைத் தாங்கும். நீர்மட்டக் கோட்டுக்கும் படிகளுக்கும் எபாக்ஸியையே நான் தேர்ந்தெடுப்பேன், துடைக்கப் போதிய ஆள் இருந்தால் மட்டும். இருவர் பூசினால் இன்னொருவர் துடைப்பதற்கென்றே நிற்க வேண்டும்.

நம் ஊர் வெயிலில் எபாக்ஸி மிக விரைவாக இறுகும் என்பதால், காலை ஏழு மணிக்கே தொடங்கி, மேலே கித்தான் கட்டி, வெயிலையும் பிற்பகல் மழையையும் தடுத்துக்கொள்ளுங்கள். பிசினையும் கடினமாக்கியையும் உறையில் உள்ள அளவு முழுவதுமாகக் கலக்க வேண்டும். கண்ணளவாகப் பாதி கலந்தால் அது சரியாக இறுகாது. கலந்ததை வாளியிலேயே விட்டுவைத்தால் அதன் சூட்டிலேயே இன்னும் வேகமாக இறுகும் என்பதால், உடனே ஓட்டின் மீது கொட்டிப் பரப்புங்கள். ரப்பர் பலகையால் இடுக்கின் அடிவரை அழுத்தி நிரப்பி, பலகையை நிமிர்த்தி, கோடுகளுக்குக் குறுக்குவாட்டில் வழித்தெடுங்கள். ஒரு சதுர மீட்டர் முடிந்ததும், சிறிது நீர் தெளித்து நைலான் தேய்ப்பானால் வட்டமாகத் தேய்த்து, பிழிந்த பஞ்சால் ஒற்றியெடுங்கள். நீர் அதிகமானால் கோட்டிலுள்ள கிரௌட் குழியும். வாளி நீரை அடிக்கடி மாற்றுங்கள். முதல் துடைப்புக்குப் பின் வெறும் விரலை ஓட்டில் வைத்துப் பாருங்கள்: பிசுபிசுத்தால் படலம் இருக்கிறது, இறுகுவதற்குள் மீண்டும் துடைக்க வேண்டும். எங்கள் படியில் இறுகிய படலத்தைக் கரைப்பான் ஊற்றித் தேய்த்து நீக்க இரண்டு முழு நாள்கள் ஆயின. அப்படியும் ஏழு ஓடுகளை மாற்ற நேர்ந்தது. ஆகவே முதலில் ஓர் உதிரிப் பலகையில் சில ஓடுகளை ஒட்டி, முழுச் செயலையும் ஒரு முறை ஒத்திகை பாருங்கள்.

சுவரும் தரையும் சேரும் மூலை, விளக்கு, நீர்க்குழாய் வாய் ஆகியவற்றைச் சுற்றி கிரௌட் பூசக் கூடாது. அங்கே அசைவு இருக்கும். கிரௌட் விரிசல் விடும். குளத்துக்கென்றே தயாரிக்கப்பட்ட சிலிக்கோன் என்ற நெகிழும் அடைப்புப் பசையைத்தான் அங்கே இட வேண்டும், குளியலறைச் சிலிக்கோன் தாங்காது.

நீர் நிரப்பும் நாளை கிரௌட் உறையிலுள்ள காலத்தைக் கொண்டு முடிவு செய்யுங்கள். மழைக்காலமென்றால் இன்னும் சில நாள் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு நாளில் 75 சென்டிமீட்டருக்கு மேல் நீர்மட்டம் உயரக் கூடாது. நிரப்பியதும் நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவை 7.2க்கும் 7.6க்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள். பதிக்காத ஓடு ஒன்றைப் பத்திரப்படுத்தி, சில மாதங்களுக்கு ஒருமுறை படியருகே வைத்து இரண்டையும் தடவிப் பாருங்கள். படி வழவழப்பாகத் தோன்றினால் பாசியோ சுண்ணாம்போ படிந்திருக்கும், கம்பித் தூரிகையை விடுத்து நைலான் தூரிகையால் தேய்த்து எடுத்துவிடுங்கள்.