கோஎன்சைம் க்யூ10: ‘செல் சக்தி’ மாத்திரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ மெடிக்கல் ஷாப்பில் போய் ‘ஒரே அசதியா இருக்கு’ என்று சொன்னால் கண்ணாடி அலமாரியிலிருந்து ஒரு டப்பா இறங்கிவருவது இப்போது சகஜம். கல்ஃபிலிருந்து லீவுக்கு வரும் பிள்ளைகளின் பெட்டியிலும் தைலத்துக்கும் பேரீச்சம்பழத்துக்கும் நடுவே இது இருக்கிறது. கோஎன்சைம் க்யூ10. மேலே ‘செல்களுக்கு சக்தி’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். சரக்கு மோசம் என்று சொல்ல மாட்டேன். வாங்குகிறவர்களில் பலருக்கு அது தேவையில்லை என்பதுதான் என் எண்ணம்.

அசதிக்குக் காரணம் என்னவென்று பார்க்காமலே வாங்குவதுதான் இதில் பெரிய தவறு. செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற பகுதியில், சாப்பாட்டிலிருந்து பிரிந்துவரும் எலக்ட்ரான்களை ஒரு புரதத் தொகுதியிடம் வாங்கி அடுத்ததிடம் கொடுப்பது க்யூ10இன் வேலை. 1957இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஃபிரெடரிக் கிரேன் என்பவர் மாட்டு இதயத்திலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். வீட்டுக்குக் காங்கிரீட் போடும்போது சட்டி கைமாறிக் கைமாறிப் போகுமே, அந்த வரிசையின் நடுவில் நிற்கும் ஆள்தான் இது. கலவையே வந்து சேராதபோது வரிசையில் இன்னும் நாலு பேரை நிறுத்தி என்ன செய்ய? ரத்தசோகை இருந்தால் செல்லுக்கு ஆக்ஸிஜன் போதாது. தைராய்டு குறைந்தால் உடம்பே மந்தமாகிவிடும். சர்க்கரைக்கு வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவருக்கு பி12 இறங்கியிருக்கலாம். ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டி.எஸ்.ஹெச்., சர்க்கரை, பி12 ஆகியவற்றைப் பார்த்துவிட்டு அப்புறம் டப்பாவைப் பற்றி யோசிக்கலாம். விடியுமுன்னே ரப்பர் வெட்டப் போகிறவர் ராத்திரி பதினொன்றரை வரை டிவி முன்னால் உட்கார்ந்திருந்தால் அந்த அசதிக்கு எந்த மாத்திரையும் கிடையாது.

இன்னொன்று, இந்தப் பொருளை நம் உடம்பே தயாரிக்கிறது. பரம்பரைக் கோளாறால் அதைத் தயாரிக்க முடியாதவர்கள் மிகச் சிலர். அவர்களுக்கு இது உண்மையிலேயே மருந்து. சாளை, அயிலை, ஈரல், நிலக்கடலையிலும் இது உண்டு. ஆனால் ஒரு நாள் சாப்பாட்டில் சுமார் 3 முதல் 6 மில்லிகிராம்தான் கிடைக்கும். ஒரு மாத்திரையிலோ பெரும்பாலும் 100 இருக்கும். மரச்சீனியும் சாளைக் கறியும் சாப்பிட நூறு காரணம் இருக்கிறது, க்யூ10 அதில் ஒன்றாகாது.

அப்படியானால் யாருக்குத்தான் பலன்? கொஞ்சம் நம்பகமான சான்று இருப்பது இதயச் செயலிழப்புக்கு, அதாவது இதயம் ரத்தத்தைப் போதிய அளவு இறைக்க முடியாத நிலைக்கு. 2014இல் வெளியான க்யூ-சிம்பியோ ஆய்வில் 420 நோயாளிகள் பங்கெடுத்தார்கள். தினம் மூன்று வேளை 100 மில்லிகிராம் வீதம் இரண்டு வருடம் எடுத்தவர்களில் 15 சதவீதம் பேருக்குப் பெரிய இதயச் சிக்கல் வந்தது. மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் அது 26 சதவீதம். நல்ல வித்தியாசம்தான். ஆனால் இதைச் சொல்லி விற்கிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: அந்த நோயாளிகள் டாக்டர் கொடுத்த வழக்கமான மருந்துகளையும் கூடவே எடுத்தார்கள். ‘இது போதும், அந்த மாத்திரையை நிறுத்துங்க’ என்று மண்டபத்தில் நடக்கும் விற்பனைக் கூட்டத்தில் யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அதே 2014இல் பார்க்கின்சன் நோய்க்கு 1200, 2400 மில்லிகிராம் என்று கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு பலன் தெரியாமல் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. அளவைக் கூட்டினால் பலன் கூடும் என்ற கணக்கு இங்கே செல்லாது.

கொலஸ்ட்ராலுக்கு அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் போன்ற ஸ்டாட்டின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் காதிலும் இந்தப் பெயர் விழுந்திருக்கும். கொலஸ்ட்ரால் உருவாகும் பாதையிலேதான் க்யூ10உம் உருவாகிறது. ஆகவே ஸ்டாட்டின் எடுத்தால் ரத்தத்தில் அதன் அளவு குறையும், அது நிஜம். ஸ்டாட்டினால் வரும் தசைவலியை க்யூ10 தீர்க்குமா என்று கேட்டால் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. வலி இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரையை மாற்றுவதோ அளவைக் குறைப்பதோ அவர் பாடு. தானாக ஸ்டாட்டினை நிறுத்தினால் அது மாரடைப்பில் போய் முடியலாம்.

அதைவிட ஆபத்து, ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு. திருவனந்தபுரம் ஸ்ரீசித்ராவில் வால்வு மாற்றிக்கொண்டு வந்தவர்கள் நம் மாவட்டத்தில் ஊருக்கு ஊர் உண்டு. உலோக வால்வு வைத்தவர்கள் ஆயுள் முழுக்க இந்த மாத்திரை சாப்பிட வேண்டும். க்யூ10இன் அமைப்பு, ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே-யை ஒத்தது. வார்ஃபரினின் வேலையைக் குறைத்துவிடலாம். ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை பார்க்காமல், டாக்டரிடம் சொல்லாமல் இவர்கள் அதைத் தொடவே கூடாது. பிரஷர் மாத்திரை எடுப்பவர்களும் கேட்டுக்கொள்வது நல்லது, இது பிரஷரைக் கொஞ்சம் இறக்கக்கூடும்.

டாக்டர் எடுக்கச் சொல்லியிருந்தால், எடுக்கும் விதத்திலும் ஒரு தவறு நடக்கிறது. இது கொழுப்பில் கரையும் பொருள். காலையில் வெறும் வயிற்றில் கட்டஞ்சாயாவோடு விழுங்கினால் பாதிக் காசு வீண். தேங்காய் அரைத்த கறியோடு மதியச் சாப்பாட்டில் எடுத்தால் சேரும். ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் என்றால் ஒரேயடியாக வேண்டாம், பிரித்துப் பிரித்து எடுக்கலாம். ராத்திரி எடுத்தால் சிலருக்குத் தூக்கம் போய்விடும்.

க்யூ10இலேயே யுபிக்வினால் என்று ஒரு விலை கூடிய வகை வரும். க்யூ-சிம்பியோவில் கொடுத்தது சாதாரண யுபிக்வினோன்தான். உடம்பு அதையே யுபிக்வினாலாக மாற்றிக்கொள்ளும்.

வாங்கும்போது டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் முத்திரையும் 14 இலக்க லைசென்ஸ் எண்ணும் இருக்க வேண்டும். ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கும். முன்பக்கம் எவ்வளவு சத்தமாகப் பேசினாலும் சட்டப்படி இது உணவு வகையில்தான் சேர்த்தி. பல சத்து கலந்த பவுடர் என்றால் க்யூ10 எத்தனை மில்லிகிராம் என்று தனியாகப் போட்டிருக்கிறதா என்று தேடுங்கள். மொத்தக் கலவையின் எடை மட்டும் இருந்தால் டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.