அபாச்சியும் பிஎச்பியும் சேர்ந்து தாங்குமா? லைவில் விடும் முன் பார்க்க வேண்டியவை

வெப் சர்வரான அபாச்சியில் குறையில்லை, பக்கங்களை உருவாக்கும் பிஎச்பி மொழியிலும் குறையில்லை. சிக்கல் வந்தால் பெரும்பாலும் இரண்டும் ஒட்டும் இடத்தில்தான் வரும். 2002இல் அபாச்சி 2.0 த்ரெட் முறையோடு (ஒரே பிராசஸ் பல கோரிக்கைகளை இணையாகக் கவனிப்பது) வந்தபோது, பிஎச்பியை அதோடு சேர்க்காதீர்கள் என்று பிஎச்பி தரப்பே எச்சரித்ததற்கும் அதுதான் காரணம். பிஎச்பி நம்பியிருக்கும் வெளி லைப்ரரிகள் பலவும் ஒரே பிராசஸுக்குள் பல த்ரெட்கள் ஓடுவதைத் தாங்காது.

முதலில் உங்கள் சர்வரில் எந்த எம்பிஎம் (கோரிக்கைகளை எப்படிப் பங்கிடுவது என்று முடிவு செய்யும் அபாச்சி மாட்யூல்) ஓடுகிறது என்று பாருங்கள். பிரீஃபோர்க் (த்ரெட் இல்லாமல், ஒரு கோரிக்கைக்கு ஒரு பிராசஸ்) என்றால் அபாச்சிக்குள்ளேயே மாட்யூலாக ஏற்றிய பிஎச்பி பத்திரமாக ஓடும்; ஆனால் ஒரு சின்ன படத்தை அனுப்பும் பிராசஸும் பிஎச்பி முழுவதையும் சுமக்கும், எச்டிடிபி 2 கிடைக்காது. புதிதாக அமைப்பவர்கள் த்ரெட்களில் ஓடும் ஈவென்ட் எம்பிஎம்மையும், பிஎச்பி பிராசஸ்களை அபாச்சிக்கு வெளியே தனியாக ஓட்டும் பிஎச்பி எஃப்பிஎம்மையும் யூனிக்ஸ் சாக்கெட் (ஒரே கணினியில் உள்ள நிரல்கள் பேசிக்கொள்ளும் வழி) வழியே இணைப்பதே சரி. இதற்கு அபாச்சி 2.4.10 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும்.

அடுத்து ஒர்க்கர், அதாவது ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைக் கவனிக்கும் எஃப்பிஎம் பிராசஸ், எத்தனை என்ற கணக்கு. பலர் கோட்டை விடுவது இங்கேதான். எஃப்பிஎம்மோடு வரும் மாதிரி அமைப்பில் உச்ச வரம்பு வெறும் 5. இரண்டு நொடி சும்மா தூங்கும் ஒரு பக்கத்தை எழுதி, ஒரே நேரத்தில் 50 கோரிக்கைகளை அனுப்பிப் பாருங்கள். ஐந்தைந்தாகத்தான் நகரும், கடைசி ஆள் 20 நொடி காத்திருப்பார். அத்தனை நேரமும் சிபியு சும்மா கிடக்கும்! எஃப்பிஎம் லாகில் மட்டும், உச்ச வரம்பைத் தொட்டாயிற்று, உயர்த்தப் பாருங்கள் என்று ஒரு வரி விழுந்திருக்கும்.

கண்ணை மூடிக்கொண்டு உயர்த்தவும் கூடாது. 4 ஜிபி நினைவகத்தில் டேட்டாபேஸுக்கும் மற்றவற்றுக்கும் 1.5 ஜிபி ஒதுக்கினால் மிச்சம் 2.5. ஒரு ஒர்க்கர் 60 எம்பி தின்றால் சுமார் 40 வைக்கலாம். அந்த 60ஐ ஊகிக்காமல், சுமை இருக்கும்போது அளந்து பாருங்கள். ஒரு பிராசஸ் பிடித்திருக்கும் நினைவகத்தைச் சொல்லும் ஆர்எஸ்எஸ் எண், ஆப்கேஷின் (தொகுத்த பிஎச்பி கோடைச் சேமித்து வைக்கும் கேஷ்) பொது நினைவகத்தையும் ஒவ்வொரு ஒர்க்கர் கணக்கிலும் சேர்த்துக் காட்டும். பொது நினைவகத்தைப் பங்கிட்டுக் கணக்கிடும் பிஎஸ்எஸ் எண்ணைப் பாருங்கள். மெமரி கசிவு இருந்தால், 500 கோரிக்கைக்கு ஒருமுறை ஒர்க்கர் புதிதாகப் பிறக்கும்படி வையுங்கள்.

டைம்அவுட்டில் ஒரு பொறி உண்டு. லினக்ஸில் பிஎச்பியின் 30 நொடி வரம்பு, டேட்டாபேஸ் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. அபாச்சி 60 நொடியில் 504 (பதில் வரவில்லை என்ற பிழை) காட்டி ஒதுங்கிவிடும்; ஒர்க்கரோ உள்ளே தொங்கிக்கொண்டே இருக்கும். எஃப்பிஎம்மின் சொந்த வரம்பு இயல்பாக அணைந்திருக்கும். அதை 50 நொடிக்கு வையுங்கள்.

பிழைகளைத் திரையில் காட்டாமல் லாகில் மட்டும் எழுத வையுங்கள். வேகத்துக்காக ஆப்கேஷின் கோப்பு நேரச் சரிபார்ப்பை அணைத்தால், டெப்ளாய் செய்யும்போதெல்லாம் எஃப்பிஎம்மை ரீலோட் செய்யும் வரியை ஸ்கிரிப்டில் சேருங்கள். இல்லாவிட்டால் பழைய கோடே ஓடிக்கொண்டிருக்கும்.