முதியோர் பராமரிப்பு இல்லத்தில் மூட்டைப்பூச்சியை ஒழித்த விதம்

முதியவர்கள் பலருக்குக் கடித்த இடம் தடிப்பதே இல்லை. அதனால் தோலை நம்பாமல் மெத்தையின் தையல் ஓரம், கட்டில் சட்டத்தின் திருகுத் துளைகளில் டார்ச் அடித்துப் பார்த்தேன். கறுப்புப் புள்ளிகளாக எச்சம் அங்கேதான் இருந்தது. சக்கர நாற்காலியின் இருக்கைத் தையலிலும் இருந்தது. இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்; அறைக்கு அறை பரவ இதுவே வழி.

முன்பு போட்ட புகை மருந்து பலிக்கவில்லை. அது இடுக்குக்குள் போகாது, பூச்சியைப் பக்கத்து அறைக்குக் கலைத்துவிடும். மூச்சுத்திணறல் உள்ளவர்களுக்கு ஆபத்தும்கூட.

பலித்தது சூடுதான். துணிகளை அறையிலேயே பையில் கட்டி எடுத்துப்போய் 60 டிகிரி செல்சியஸில் துவைத்து, உலர்த்தும் இயந்திரத்தில் அதிகச் சூட்டில் 30 நிமிடம் விட்டோம். தையல்களில் நீராவிக் கருவியை 30 செ.மீ.க்குச் சுமார் 10 விநாடி என்று மெதுவாக நகர்த்துங்கள். அகலமான முனை போடுங்கள். கூர்முனை பூச்சியை ஊதித் தள்ளிவிடும். காற்று மெத்தை, ஆக்சிஜன் கருவி பக்கம் நீராவி போகவே கூடாது. பிறகு மெத்தைக்கு ஜிப் உறை, கட்டில் கால்களுக்கு அடியில் பொறிக்கிண்ணம்; ஏற வரும் பூச்சி அதில் விழுந்து சிக்கிக்கொள்ளும்.

முட்டை பொதுவாக 6 முதல் 10 நாளில் பொரியும். ஆகவே 14ஆம் நாள் முழுவதையும் மறுபடி செய்தோம், இருபுறத்து அறைகளையும் சேர்த்து. போர்வை தரையைத் தொட்டால் கிண்ணம் வைத்தும் பயனில்லை.