பழைய சேலையில் ஒட்டுப்போர்வை தைக்கலாம்: மெஷின் வேண்டாம், அளவுகோலும் வேண்டாம்

குவில்ட், அதாவது ஒட்டுப்போர்வை, தைக்க ஆசைப்பட்டு இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பது ஒரு பெரிய சாமான் பட்டியல்தான். உருளும் கத்தி, அதற்கு அடியில் விரிக்கும் பச்சை நிற மேட், கோணம் போட்ட கண்ணாடி போன்ற அளவுகோல்கள், நடுவில் வைக்கும் பஞ்சுத்தாள், தனி மெஷின். விலையைக் கூட்டிப் பார்த்ததும் பாதிப் பேருக்கு ஆசை அங்கேயே அடங்கிவிடும். அதெல்லாம் இல்லாமல், ஒரு ஊசி, நூல்கண்டு, கத்தரிக்கோல், வீட்டில் கிடக்கும் பழந்துணி, இவ்வளவை வைத்துக்கொண்டே அழகான போர்வை தைக்க ஒரு முறை இருக்கிறது. அதுவும் பக்கத்து மாநிலத்தில். கர்நாடகத்துச் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி.

சித்தி மக்களின் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். பலர் போர்த்துகீசியர்களால் அடிமைகளாகக் கோவாவுக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து தப்பி மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்குள் போய்க் குடியேறியவர்கள். இன்று உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு பக்கம் நிறையப் பேர் வாழ்கிறார்கள். 2003-இல் கர்நாடகத்தில் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் இந்துக்கள், கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள் மூவருமே உண்டு, அதனால் சில கவந்திகளில் சிலுவையும் சிலவற்றில் பிறையும் இருக்கும்.

மற்ற குவில்ட்களில் முதலில் மேல்துணியை முழுக்க இணைத்து முடித்துவிட்டு, அதை உள்துணியோடும் அடித்துணியோடும் சேர்த்துத் தைத்து, கடைசியில் ஓரத்துக்குப் பட்டி கட்ட வேண்டும். கவந்தியில் இந்த மூன்று வேலையும் ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடும். வெளி ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி உள்ளே வந்து நடுவில் முடிக்கிறோம், வழியில் ஒவ்வொரு துண்டையும் அப்போதைக்கப்போது எடுத்து வைக்கிறோம். முன்கூட்டியே வரைபடம் போட வேண்டியதே இல்லை. எனக்கு இதில் பிடித்ததே இதுதான். அடுத்த துண்டு சிவப்பா மஞ்சளா என்று அந்த இடத்துக்கு வந்தபிறகு முடிவு செய்தால் போதும், மூன்று துண்டுக்கு மேல் திட்டம் போட்டால் சுவை கெட்டுவிடும் என்றுகூடச் சொல்வேன்.

சரி, துணி. நல்ல பருத்திதான் வேண்டும். வெளுத்து மெலிந்த பழைய நூல் சேலை, வேட்டி, சட்டை, கைலி, பாவாடை எல்லாம் உத்தமம், ஏனென்றால் பலமுறை துவைத்த துணியில் ஊசி வெண்ணெயாக இறங்கும். நவராத்திரிக்கும் வளைகாப்புக்கும் வீடு வீடாகச் சுற்றிக்கொண்டே இருக்கும் ரவிக்கைத் துணிகளுக்கும் இங்கே ஒருவழியாக விமோசனம் கிடைக்கும், ஆனால் அதில் பாதி பாலியெஸ்டர் கலந்தது. சந்தேகம் இருந்தால் ஒரு இழையை உருவித் தீயில் காட்டிப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து சாம்பலாக உதிரும், பாலியெஸ்டர் உருகிச் சின்னக் கடினமான மணியாகச் சுருண்டுவிடும். ஜார்ஜெட் வழுக்கும். பழைய பட்டு மடிப்பில் கிழியும், ஆசைக்கு ஒரு துண்டு வைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். ஜீன்ஸைக் கையால் தைத்தால் விரல் போய்விடும். பனியன் துணி இழுபடும், அது உள்ளே வைக்கத்தான் ஆகும்.

சாயம் போகும் துணியை முதலிலேயே கண்டுபிடித்து ஒதுக்கிவிடுங்கள். நனைத்து, வெள்ளைத் துணியின் மேல் வைத்து அழுத்தினால் தெரிந்துவிடும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று எல்லார் வீட்டிலும் சொல்வார்கள், அதை நம்பி அடர்சிவப்பை வெள்ளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். புதுத்துணியாக இருந்தால் வெட்டுவதற்கு முன் ஒருமுறை துவைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தைத்தபிறகு அது மட்டும் சுருங்கும்.

முதல் போர்வையைப் பெரிதாகத் தொடங்க வேண்டாம். குழந்தைக்குப் போதுமான அளவு, 36-க்கு 42 அங்குலம், நல்ல தொடக்கம். அடித்துணியை நாலு பக்கமும் ஒரு அங்குலம் கூடுதலாக, அதாவது 38-க்கு 44-ஆக வெட்டுங்கள். சேலை அகலம் பெரும்பாலும் 45 அங்குலத்தை ஒட்டி இருப்பதால் ஒட்டுப்போடாமலே கிடைத்துவிடும். உள்ளே வைக்கும் துணி சரியாக 36-க்கு 42. நம் ஊர் வெயிலுக்கு உள்ளே பஞ்செல்லாம் வைத்தால் போர்வை அலமாரியிலேதான் தூங்கும், ஒரு மெல்லிய சேலையோ இரண்டாக மடித்த வேட்டியோ தாராளம். ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் பழைய கம்பளியை வைத்துக்கொள்ளலாம்.

அடித்துணியின் உள்பக்கம் மேலே தெரியும்படி தரையில் விரித்து, நடுவில் உள்துணியை வைத்து, சுருக்கமில்லாமல் கையால் நீவி, வெளியே நீட்டியிருக்கும் ஒரு அங்குலத்தை உள்துணியின் மேல் மடித்துவிடுங்கள். இரண்டும் நகராமல் இருக்க, ஒரு சாண் இடைவெளியில் ஊக்கு குத்துங்கள், அல்லது நீள நீளமாகத் தற்காலிகத் தையல் போடுங்கள். இதைச் சோம்பேறித்தனத்தால் விட்டால் நடுப்பகுதிக்கு வரும்போது அடியில் துணி கொப்புளமாகத் திரளும், அப்போது பிரிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

இப்போது மூலை. உள்ளங்கை அளவுத் துண்டு ஒன்றை எடுத்து, வெளிப்பக்கம் வரும் இரண்டு ஓரங்களையும் அரை அங்குலம் உள்ளே மடித்து, அடித்துணியின் மடிப்போடு சரியாகப் பொருந்தும்படி மூலையில் வையுங்கள். சித்திப் பெண்கள் நாலு மூலையிலும் 'பூலா' என்று ஒன்று வைப்பார்கள்: சின்னச் சதுரத் துணியை முக்கோணமாக மடித்து, மறுபடி முக்கோணமாக மடித்து, கூர்முனை வெளியே நீட்டும்படி மூலையில் செருகித் தைப்பது. பூ என்று அர்த்தம். எந்த உபயோகமும் இல்லாத அலங்காரம்தான், ஆனால் அது இல்லாமல் கவந்தி முழுசாகாது.

தையல் வெறும் ஓட்டுத்தையல். ஊசி மேலே, கீழே, மேலே, கீழே. கெட்டியான பருத்தி நூல், மெல்லிசாக இருந்தால் இரட்டை இழையாகக் கோத்துக்கொள்ளுங்கள். ஒரு முழத்துக்கு மேல் நூல் எடுத்தால் சிக்கும். முடிச்சை இரண்டு துணிக்கும் நடுவில் ஒளித்துவிடுங்கள். கால் அங்குல நீளத் தையல் போதும், சீராக இருக்க வேண்டும் என்ற கவலையே வேண்டாம், சித்திப் போர்வைகளிலேயே கோடு கொஞ்சம் வளைந்து வளைந்துதான் போகும். நூலை இறுக்கி இழுக்கக் கூடாது என்பது மட்டும் முக்கியம். வலது கைக்காரர்களுக்கு வலமிருந்து இடமாகத் தைப்பது வசதி, மூலை வந்ததும் போர்வையைத் திருப்பிக்கொள்ளுங்கள். வளையமோ சட்டமோ தேவையில்லை, தரையில் சம்மணம் போட்டு மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு தைக்கலாம். நடுவிரலுக்கு திம்பிள், அதாவது ஊசி குத்தாமல் காக்கும் விரலுறை, போடப் பழகிக்கொள்ளுங்கள், நாலு அடுக்கு வரும் மூலைகளில் அது இல்லாமல் முடியாது.

வெளி ஓரத்தை ஒட்டியே தைத்துக்கொண்டு வரும்போது முதல் துண்டு முடியப்போகிறதா, அடுத்ததை எடுங்கள். அதன் பக்கவாட்டு ஓரத்தை மடித்து முதல் துண்டின் மேல் அரை அங்குலம் ஏற்றி வைக்கலாம், அல்லது முதல் துண்டின் ஓரத்தை மடித்து அதன் அடியில் புதியதைச் செருகலாம். அந்த இணைப்பைத் தனியாகத் தைக்க வேண்டியதில்லை, அடுத்தடுத்த சுற்றுகள் அதைக் குறுக்கே கடந்து போகும்போது தானாகப் பிடித்துக்கொள்ளும். நாலு ஓரமும் முடிந்தபின் அரை அங்குலம் உள்ளே தள்ளி அடுத்த சுற்று, அப்புறம் இன்னொன்று. துண்டுகளின் உள் ஓரம் நெருங்கும்போது அடுத்த வரிசைத் துண்டுகளை அதே மாதிரி மேலேயோ அடியிலேயோ சேருங்கள். தையல் கோடு நெருங்கி வரும் இடத்தில் ஊக்கைக் கழற்றிக்கொண்டே போங்கள். நடுவில் மிஞ்சும் ஓட்டைக்கு நாலு பக்கமும் மடித்த ஒரு துண்டு. எல்லாரும் பார்க்கும் இடம் அது, உங்களிடம் இருப்பதிலேயே அருமையான துணியை அதற்கென்று எடுத்து வைத்திருங்கள்.

நிறம் சேர்ப்பதுதான் பலரையும் பயமுறுத்துகிறது. நிறத்தைவிட வெளிரும் அழுத்தமும்தான் கணக்கு. துண்டுகளைப் பரப்பி போனில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், நிறம் எத்தனை இருந்தாலும் போர்வை மங்கித்தான் இருக்கும், இரண்டு வெள்ளையும் ஒரு கருநீலமும் சேருங்கள். இன்னொரு தந்திரம், ஒரே ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுத்து எல்லாச் சுற்றிலும் அங்கங்கே வரவையுங்கள். கண் அதைப் பிடித்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் மன்னித்துவிடும்.

யோசனைகளுக்கு வெகுதூரம் போக வேண்டாம். தேரில் தொங்கும் தொம்பைகளை அண்ணாந்து பாருங்கள், சிவப்பு, வெள்ளை, மஞ்சள், பச்சை, கறுப்பு துணிகளை வெட்டி ஒன்றின் மேல் ஒன்று வைத்துத் தைத்ததுதானே அது. ஆத்தங்குடி ஓடு பதித்த தரையும் அப்படியே. மொட்டைமாடிக் கொடியில் யாரும் யோசிக்காமல் காயப்போட்ட துணிகளில் சில நாள் அபாரமான சேர்க்கை அமைந்துவிடும்.

அமெரிக்காவில் அலபாமா ஆற்று வளைவில் ஜீஸ் பெண்ட் என்ற ஊர் இருக்கிறது. அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் தேய்ந்த வேலை உடுப்புகளில் தைத்த போர்வைகள் 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வந்தன, 2006-இல் அமெரிக்கத் தபால்தலைகளிலும் ஏறின. அவர்களில் மிசூரி பெட்வே என்பவர் இறந்துபோன கணவரின் வேலைத் துணிகளை வெட்டி 1942-இல் ஒரு போர்வை தைத்தார். படத்தைத் தேடிப் பாருங்கள். வெளுத்த நீலமும் சாம்பலும்தான் பெரும்பகுதி, அந்தத் துணி எப்படித் தேய்ந்ததோ அப்படியே விட்டிருக்கிறார். இறந்தவர்களின் சட்டையை என்ன செய்வதென்று தெரியாமல் பீரோவில் வைத்திருப்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன். காலர், பை, பட்டன் பட்டியைக்கூட வெட்டி எறியாமல் அப்படியே துண்டாக வைக்கலாம்.

இதை மாலையில் அரைமணி நேரம் தைத்தாலும் நகரும். இரண்டு கையும் மாட்டிக்கொள்வதால் போனைத் தொட முடியாது, வாய் மட்டும் சும்மா இருக்கும், அதனால் வீட்டில் பேச்சு நடக்கும். பிள்ளைகளிடம் அடுத்த துண்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், நாம் துணிய மாட்டாத சேர்க்கையை அவர்கள் கூசாமல் எடுத்துத் தருவார்கள்.

முடித்ததும் குளிர்ந்த தண்ணீரில் தனியாக அலசுங்கள். தையல் கோடுகளுக்கு நடுவே துணி லேசாகச் சுருங்கி மேடும் பள்ளமுமாக வரும், கவந்தியின் அழகே அதில்தான், இஸ்திரி போட்டுக் கெடுக்காதீர்கள். நனைந்தால் கனக்கும், ஒரு மூலையைப் பிடித்துத் தொங்கவிட்டால் தையல் இழுபடும், இரண்டு கொடியில் பரப்பி நிழலில் காயவையுங்கள். குழந்தைக்குப் போர்த்துவதாக இருந்தால், குத்தும்போதே எத்தனை ஊக்கு என்று எண்ணி எழுதி வைத்துக்கொண்டு, அத்தனையும் டப்பாவுக்குத் திரும்பிவிட்டதா என்று பார்த்துவிட்டே கொடுங்கள்.